இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே தூரமும் பயண நேரமும்: நாமே கணக்கிட முழுமையான வழிகாட்டி

லண்டனிலிருந்து காலை 11:00 மணிக்குக் கிளம்பும் விமானம் நியூயார்க்கில் பகல் 1:48க்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். புதிதாகக் கணக்குப் போடுபவர் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துவிட்டு, "2 மணி 48 நிமிடம்தான்" என்று எழுதுவார். திரும்பி வரும் விமானம் மாலை 7:00க்குக் கிளம்பி மறுநாள் காலை 6:31க்கு இறங்கும். அதற்கு அவர் எழுதுவது 11 மணி 31 நிமிடம். ஒரே தடத்துக்கு இரண்டு விடை. இரண்டுமே தப்பு.

இந்தக் கணக்கைப் பலருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். எல்லோரும் தடுக்கி விழுவது சூத்திரத்தில் அல்ல, வரிசையில். தூரம், வானில் பறக்கும் நேரம், கேட்டிலிருந்து கேட் வரை ஆகும் நேரம், கடிகாரம் காட்டும் நேரம் ஆகிய நான்கும் வெவ்வேறு எண்கள். ஒன்றை முடித்த பிறகுதான் அடுத்ததைத் தொட வேண்டும். லண்டன் ஹீத்ரோ, நியூயார்க் ஜேஎஃப்கே ஆகிய இரண்டையும் வைத்தே கடைசி வரை போட்டுப் பார்ப்போம்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

இரண்டு நிலையங்களின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் வேண்டும். சைன், கோசைன், அவற்றின் தலைகீழ் செயல்பாடுகள் உள்ள கால்குலேட்டரோ ஸ்ப்ரெட்ஷீட்டோ வேண்டும். எந்த வகை விமானம் என்று தெரிய வேண்டும். பயணத் தேதியும் வேண்டும். தேதி எதற்கு என்று முதலில் தோன்றும். ஏழாவது படியில் தெரியும்.

1. ஊரை விட்டுவிட்டு நிலையத்தைப் பிடியுங்கள்

"லண்டன்" என்று எழுதிக்கொண்டு தொடங்கினால் பிறகு திண்டாட வேண்டியிருக்கும். ஹீத்ரோ, கேட்விக், ஸ்டான்ஸ்டெட், லூட்டன், சிட்டி என்று அங்கே பல நிலையங்கள். டோக்கியோவின் ஹனேடாவுக்கும் நரிட்டாவுக்கும் இடையே மட்டும் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். ஒரே பெயரில் வேறு வேறு ஊர்களும் உண்டு. சிட்னி ஆஸ்திரேலியாவிலும் இருக்கிறது, கனடாவிலும் இருக்கிறது. பர்மிங்காம் இங்கிலாந்திலும் அலபாமாவிலும் இருக்கிறது.

அதனால் முதலில் பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கம் (ஐஏடிஏ) ஒவ்வொரு நிலையத்துக்கும் தரும் மூன்றெழுத்துக் குறியீட்டை எழுதுங்கள். அதை வைத்து நிலையத்தின் குறிப்புப் புள்ளி, அதாவது நிலையத்தின் இருப்பிடமாக அதிகாரப்பூர்வமாகக் குறித்த புள்ளி, எங்கே என்று எடுங்கள். ஊரின் நடுப்புள்ளியை எடுக்காதீர்கள். பல பெருநகரங்களில் விமான நிலையம் ஊருக்கு வெளியே வெகு தூரம் தள்ளியிருக்கும்.

2. பாகை, நிமிடம், விநாடியை தசமமாக மாற்றுங்கள்

அதிகாரப்பூர்வ ஆவணங்களில் ஹீத்ரோ 51°28′39″ வடக்கு, 0°27′41″ மேற்கு என்று இருக்கும். இதைப் பார்த்து 51.28 என்று எழுதுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. புள்ளிக்குப் பின்னால் வருவது நூறில் ஒரு பங்கு, நிமிடமோ அறுபதில் ஒரு பங்கு. நிமிடத்தை 60ஆலும் விநாடியை 3600ஆலும் வகுத்துக் கூட்ட வேண்டும்: 28 ÷ 60 + 39 ÷ 3600 = 0.4775. ஆக 51.48 என்று எடுக்கலாம். 51.28 என்று எழுதினால் நிலையம் 20 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே நகர்ந்துவிடும்.

அடுத்து குறி. வடக்கும் கிழக்கும் கூட்டல், தெற்கும் மேற்கும் கழித்தல். நம் இரண்டு நிலையங்களும் இப்படி வரும்:

ஹீத்ரோ: 51.48, −0.46
ஜேஎஃப்கே: 40.64, −73.78

குறியை விட்டால் விடை அபத்தமாக வரும், உடனே தெரிந்துவிடும் என்று நினைக்காதீர்கள். சிங்கப்பூர் சாங்கியிலிருந்து (1.36, 103.99) சிட்னிக்கு (−33.95, 151.18) சரியான தூரம் சுமார் 6,295 கிலோமீட்டர். சிட்னியின் கழித்தல் குறியை மறந்தால் வருவது சுமார் 6,090. பார்த்தால் நம்பும்படிதான் இருக்கிறது! சிங்கப்பூர் நிலநடுக்கோட்டை ஒட்டியிருப்பதால் வடக்கே போனாலும் தெற்கே போனாலும் தூரம் அதிகம் மாறுவதில்லை. ஆனால் அந்தப் புள்ளி ஜப்பானுக்குக் கிழக்கே நடுக்கடலில் இருக்கிறது. சூத்திரத்தில் போடும் முன் இரண்டு புள்ளிகளையும் வரைபடத்தில் ஒருமுறை தேடிப் பாருங்கள். அரை நிமிட வேலைதான்.

3. பெருவட்டத் தூரத்தைக் கணக்கிடுங்கள்

உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான மிகக் குறுகிய வழிக்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். பூமி உருண்டை ஒன்றை எடுத்து இரண்டு ஊர்களுக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்தால் அது எங்கே படிகிறதோ அதுதான் பாதை. லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு நூலைப் பிடித்தால் அது நேர் மேற்கே போகாது. அயர்லாந்து பக்கம் மேலே ஏறி, நியூஃபவுண்ட்லாந்து பக்கமாக இறங்கும். தட்டையான வரைபடத்தில் வளைவாகத் தெரியும் அந்தக் கோடுதான் உண்மையில் குறுக்கு வழி.

பள்ளியில் படித்த பித்தாகரஸ் தேற்றத்தை இங்கே போட்டால் என்ன ஆகும்? ஒரு பாகைக்கு 111.2 கிலோமீட்டர் என்று வைத்துக் கணக்கிட்டால் 8,242 கிலோமீட்டர் வரும். உண்மையைவிட ஏறக்குறைய 2,700 கிலோமீட்டர் அதிகம். காரணம், தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப் போக ஒன்றையொன்று நெருங்குகின்றன. அந்த நெருக்கத்தையும் சேர்த்துத் திருத்தினால்கூட 5,785 வருகிறது, இன்னும் அதிகம்தான். சில நூறு கிலோமீட்டருக்குள் இருக்கும் நிலையங்களுக்கு மட்டும் இந்தக் குறுக்குவழி போதும்.

நாம் பயன்படுத்தப் போவது ஹாவர்சைன் சூத்திரம். ஒவ்வொரு அடியையும் தனி வரியில் எழுதுங்கள். ஒரே வரியில் திணித்தால் அடைப்புக்குறி எங்கே விட்டுப்போனது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

அட்சரேகை வித்தியாசம் 10.84°. பாதி 5.42°. அதன் சைன் 0.0945, அதன் வர்க்கம் 0.0089.

தீர்க்கரேகை வித்தியாசம் 73.32°. பாதி 36.66°. அதன் சைன் 0.5971, வர்க்கம் 0.3565.

இரண்டு அட்சரேகைகளின் கோசைன்கள் 0.6228, 0.7588. பெருக்கினால் 0.4726. இதை மேலே வந்த 0.3565உடன் பெருக்கினால் 0.1685.

0.0089 + 0.1685 = 0.1774. வர்க்கமூலம் 0.4212.

இதன் தலைகீழ் சைன் 0.4347 ரேடியன் (பாகையைப் போல கோணத்தை அளக்கும் இன்னொரு அலகு). இரண்டால் பெருக்கினால் 0.8695. பூமியின் சராசரி ஆரம் 6,371 கிலோமீட்டர். பெருக்கினால் சுமார் 5,540 கிலோமீட்டர்.

தடுக்கி விழும் இடங்கள் மூன்று. ஒன்று, ஸ்ப்ரெட்ஷீட்டில் சைனும் கோசைனும் ரேடியனைத்தான் எதிர்பார்க்கும். பாகையை அப்படியே கொடுத்தால் எந்தப் புகாரும் சொல்லாமல் தப்பான விடையைத் தரும். பாகையை முதலில் ரேடியனாக மாற்றும் செயல்பாட்டுக்குள் போடுங்கள். இரண்டு, கடைசியில் இரண்டால் பெருக்க மறப்பது. அப்போது 2,770 வரும். மூன்றாவது, நிரல் எழுதுபவர்களுக்கு. இதே சூத்திரத்தை இரண்டு உள்ளீடு கொண்ட தலைகீழ் டேன்ஜென்ட்டை வைத்தும் எழுதுவார்கள். எக்செலில் அந்த உள்ளீடுகளின் வரிசை பெரும்பாலான நிரல் மொழிகளுக்கு நேர் எதிர். எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டினால் கவிழ்ந்துவிடும். தலைகீழ் சைனையே வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

இன்னொரு சந்தேகமும் அடிக்கடி வரும்: "இணையத்தில் 5,555 என்று போட்டிருக்கிறதே?" பூமி சரியான உருண்டை அல்ல. நிலநடுக்கோட்டில் ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவத்தில் 6,357. அந்தச் சப்பையான வடிவத்தையும் கணக்கில் எடுக்கும் முறைகள் உண்டு, வின்சென்ட்டி முறை அவற்றில் ஒன்று. வித்தியாசம் அரை சதவீதத்துக்குள்தான் இருக்கும். பயண நேரத்தில் அது ஒரு நிமிடம். நம் வேலைக்கு உருண்டையே போதும்.

4. அலகைப் பக்கத்திலேயே எழுதுங்கள்

விமானத் துறையில் தூரம் நாட்டிகல் மைலில் போகும். ஒரு நாட்டிகல் மைல் 1.852 கிலோமீட்டர், சாதாரண மைல் 1.609. நம் 5,540 கிலோமீட்டர் என்பது 2,991 நாட்டிகல் மைல் அல்லது 3,442 மைல். வெறும் "மைல்" என்று பார்த்ததும் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாற்றி எடுத்தால் 15 சதவீதம் பிசகும். நாட் என்பது ஒரு மணிக்கு ஒரு நாட்டிகல் மைல்.

5. பறக்கும் பாதைக்கு நீட்டுங்கள்

எந்த விமானமும் பெருவட்டத்தின் மேலேயே போவதில்லை. ரன்வே நோக்கும் திசையில் ஏறி, பிறகு திரும்ப வேண்டும். வான்வழிகளில் குறித்த புள்ளிகளைத் தொட்டுப் போக வேண்டும். மழை மேகத்தைச் சுற்ற வேண்டும். இறங்கும் முன் வரிசையில் நிற்க வேண்டும். நீண்ட தடங்களுக்கு நான் 3 சதவீதம் சேர்ப்பேன். குறுகிய தடங்களுக்கு இன்னும் அதிகம், ஏனென்றால் திரும்புவதும் வளைவதும் 300 கிலோமீட்டர் பயணத்திலும் அதே அளவுதான் இருக்கும். நம் தடத்துக்கு 5,540 × 1.03 = 5,706 கிலோமீட்டர்.

வான்வெளி மூடப்பட்டிருந்தால் இந்தச் சதவீதக் கணக்கு உதவாது. ஹெல்சிங்கி–டோக்கியோ நேர்த்தூரம் 8,000 கிலோமீட்டருக்கும் குறைவு. 2022இல் ஐரோப்பிய விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்ட பிறகு, ஒன்பதரை மணி நேரத்தை ஒட்டியிருந்த பயணம் சுமார் 13 மணி நேரமானது. நேர்க்கோடு மூடிய வான்வெளிக்குள் போகிறதா என்று பாருங்கள். போகிறதென்றால் சுற்றிப் போகும் வழியில் இரண்டு மூன்று புள்ளிகளைக் குறித்து, துண்டு துண்டாக மூன்றாவது படியைப் போட்டுக் கூட்டுங்கள்.

6. வேகமும் காற்றும்

பெரிய ஜெட் விமானங்கள் ஒலியின் வேகத்தில் சுமார் 0.85 மடங்கில் பறக்கும். 11 கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை மைனஸ் 56.5 டிகிரி என்று வைத்தால் ஒலியின் வேகம் மணிக்கு 1,062 கிலோமீட்டர். ஆக விமானத்தின் வேகம் ஏறக்குறைய 900. தரைமட்ட ஒலி வேகமான 1,225ஐ எடுத்துப் பெருக்கிவிடாதீர்கள், மேலே குளிரில் ஒலி மெதுவாகத்தான் போகும். ஏ320, போயிங் 737 போன்ற ஒற்றை நடைபாதை விமானங்களுக்கு 830 என்று எடுங்கள். ஏடிஆர் 72 போன்ற புரொப்பெல்லர் விமானங்களுக்கு 500.

இது காற்றைச் சார்ந்த வேகம். விமானத்தைச் சுமந்து செல்லும் காற்றே நகர்ந்துகொண்டிருக்கிறது. ஓடும் ஆற்றில் படகு விடுவதுபோல நினைத்துக்கொள்ளுங்கள். வட, தென் அரைக்கோளங்கள் இரண்டிலும் நடு அட்சரேகைகளில் ஜெட் ஸ்ட்ரீம் என்ற உயர்வான வேகக் காற்றோட்டம் மேற்கிலிருந்து கிழக்கே பாய்கிறது. குளிர்காலத்தில் பலமாகவும் கோடையில் தளர்வாகவும் இருக்கும். கிழக்கே போனால் பின்காற்று, கூட்டுங்கள். மேற்கே போனால் எதிர்க்காற்று, கழியுங்கள். பாதை முழுவதும் காற்று ஒரே பலத்தில் வீசாது என்பதால் உச்ச வேகத்தைப் போடாமல் மிதமான சராசரியைப் போடுங்கள். வட அட்லாண்டிக்கில் 90 கிலோமீட்டர் என்று வைத்துப் பார்ப்போம்.

லண்டனிலிருந்து நியூயார்க்: 5,706 ÷ 810 = 7.04 மணி, அதாவது 7 மணி 3 நிமிடம்.
நியூயார்க்கிலிருந்து லண்டன்: 5,706 ÷ 990 = 5.76 மணி, அதாவது 5 மணி 46 நிமிடம்.

5.76 என்பதை "5 மணி 76 நிமிடம்" என்று படித்தவர்களையும் பார்த்திருக்கிறேன். புள்ளிக்குப் பின்னால் இருப்பதை 60ஆல் பெருக்குங்கள்: 0.76 × 60 = 46.

போகும்போது இழந்ததை வரும்போது பிடித்துவிடலாம், அதனால் காற்றை விட்டுவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். போட்டுப் பார்த்தால் அப்படி வராது. 5,540 கிலோமீட்டரைக் காற்றில்லாமல் 900இல் போய்வந்தால் 12 மணி 19 நிமிடம். 100 கிலோமீட்டர் காற்றில் ஒரு பக்கம் 1,000, மறுபக்கம் 800 என்று போய்வந்தால் 12 மணி 28 நிமிடம். மெதுவான வேகத்தில்தான் அதிக நேரம் இருக்கிறோம், அதனால் அந்த 9 நிமிடம் திரும்பி வராது.

7. தரை நேரத்தைச் சேர்த்து, கடிகாரத்துக்கு வாருங்கள்

இதுவரை வந்தது உச்ச வேகத்திலேயே முழுத் தூரத்தையும் பறந்தால் ஆகும் நேரம். ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த வேகம் கிடையாது. பல நாடுகளில் 10,000 அடிக்குக் கீழே 250 நாட் வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்ற விதியே உண்டு. இந்த இழப்புக்கு 15 நிமிடம். கேட்டிலிருந்து நகர்ந்து ரன்வேக்கு உருண்டு போக 20 நிமிடம். இறங்கிய பிறகு கேட்டுக்கு வர 10. மொத்தம் 45. நெரிசலான நிலையம் என்றால் இன்னும் கூட்டுங்கள், சின்ன நிலையம் என்றால் குறையுங்கள்.

லண்டனிலிருந்து நியூயார்க் 7 மணி 48 நிமிடம். திரும்பி வர 6 மணி 31 நிமிடம். டிக்கெட்டில் இருக்கும் நேரம் இந்த கேட்டிலிருந்து கேட் வரையிலான நேரம்தான். தாமதத்துக்கு இடம்விட்டு நிறுவனங்கள் அதில் கொஞ்சம் கூட்டியும் வைத்திருக்கும். இத்தடத்தில் 8 மணி, 7 மணி என்று போட்டிருந்தால் உங்கள் கணக்கு தப்பு என்று பயப்பட வேண்டாம்.

குறுகிய பயணங்களில் இந்த 45 நிமிடம்தான் பெரும்பகுதி. 300 கிலோமீட்டரை 830ஆல் வகுத்தால் 22 நிமிடம் வரும். அதை அப்படியே பயண நேரம் என்று சொல்லிவிட்டால் பாதிக்கும் கீழே போய்விடும்.

சரி, இப்போதுதான் கடிகாரத்தைத் தொட வேண்டும். டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் நேரம், இறங்கும் நேரம் இறங்கும் ஊரின் நேரம். இரண்டையும் நேரடியாக ஒப்பிடக் கூடாது. புறப்பாட்டை யுடிசிக்கு (உலகம் முழுவதற்கும் பொதுவான அடிப்படை நேரம்) மாற்றுங்கள், பயண நேரத்தைக் கூட்டுங்கள், பிறகு சேரும் ஊரின் நேரத்துக்கு மாற்றுங்கள். கூட்டுவதா கழிப்பதா என்ற குழப்பம் இந்த மூன்று அடிகளில் வராது.

குளிர்காலத்தில் லண்டன் யுடிசியோடு ஒத்துப்போகும், நியூயார்க் 5 மணி நேரம் பின்னால். காலை 11:00 புறப்பாடு, யுடிசியிலும் 11:00. கூட்டினால் 18:48. ஐந்து மணி நேரத்தைக் கழித்தால் பகல் 1:48. முதலில் பார்த்த எண்.

தேதி வேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான். அமெரிக்காவில் கோடை நேரம் (கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைக்கும் காலம்) மார்ச் இரண்டாம் ஞாயிறு தொடங்கி நவம்பர் முதல் ஞாயிறு முடிகிறது. ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை. மார்ச்சில் இரண்டு மூன்று வாரமும் இலையுதிர் காலத்தில் ஒரு வாரமும் இரண்டு ஊர்களுக்கும் நடுவே 4 மணி நேரம்தான் வித்தியாசம். அந்த நாட்களில் அதே விமானம் நியூயார்க் நேரப்படி 2:48க்கு இறங்கும். "எப்போதும் 5 மணி" என்று மனப்பாடம் செய்தவர்கள் மாட்டுவது அந்த வாரங்களில்தான். முழு மணியில் இல்லாத மண்டலங்களையும் கவனியுங்கள்: இந்தியா 5:30, நேபாளம் 5:45.

பசிபிக்கைத் தாண்டும்போது தேதியே பின்னால் போகும். ஜூனில் ஆக்லாந்து யுடிசிக்கு 12 மணி முன்னால், லாஸ் ஏஞ்சலிஸ் 7 மணி பின்னால். ஆக்லாந்தில் இரவு 8:00க்குக் கிளம்பி 12 மணி நேரம் பறந்தால், அதே நாள் பகல் 1:00க்கு இறங்குவீர்கள். கிளம்பியதற்கு ஏழு மணி நேரம் முன்னால்! யுடிசி வழியாகப் போனால் இது தானாகவே சரியாக வரும்: 08:00, 20:00, பிறகு 13:00.

8. இடையில் இறங்கினால்

ஒவ்வொரு துண்டுக்கும் மேலே உள்ளதை முழுதாகச் செய்து, நடுவில் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துக் கூட்டுங்கள். தொடங்கும் நிலையத்துக்கும் முடியும் நிலையத்துக்கும் நேரடித் தூரம் எடுத்துக் கடைசியில் காத்திருப்பை மட்டும் சேர்த்தால் குறைவாக வரும். இடைநிலையம் நேர்வழியில் இருப்பது அபூர்வம், ஏறி இறங்கும் 45 நிமிடமும் ஒவ்வொரு துண்டுக்கும் தனியாக வரும்.

9. விடையைச் சரிபார்க்கும் இரண்டு வழிகள்

முதலாவது, தோராயம். ஜெட் விமானத்துக்குக் கிலோமீட்டரை 850ஆல் வகுத்து முக்கால் மணி சேருங்கள். 5,540க்கு ஏழேகால் மணி நேரம் வரும். உங்கள் இரு திசை விடைகளுக்கும் நடுவே அது விழ வேண்டும்.

இரண்டாவது எனக்கு மிகவும் பிடித்தது. நேர மண்டலம் எதுவும் தெரியாமலே டைம்டேபிளிலிருந்து பயண நேரத்தை எடுக்கலாம். இரு திசைக்கும் கடிகார வித்தியாசத்தைக் கழித்து எழுதுங்கள்: 2 மணி 48, 11 மணி 31. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 7 மணி 9½ நிமிடம். ஒரு பக்கம் குறைந்த ஐந்து மணி நேரம் மறுபக்கம் கூடியிருப்பதால் அது தானாகவே அடிபட்டுப்போகிறது. நாம் கணக்கிட்ட 7:48, 6:31 இரண்டின் சராசரியும் அதேதான். இரண்டு பயணங்களுக்கும் நடுவில் கோடை நேரம் மாறியிருக்கக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. உங்கள் சராசரி இதிலிருந்து அரை மணி நேரத்துக்கு மேல் விலகினால் ஆறாவது படியில் எடுத்த வேகத்தையும் ஏழாவது படியின் தரை நேரத்தையும் முதலில் பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் விலகினால் இரண்டாம் படிக்கே திரும்பி, புள்ளிகளை மறுபடி வரைபடத்தில் தேடுங்கள்.